உரித்த கல்லைப் பார்த்து மயங்காதீர்கள்

இத்தாலி போய் வந்தவர்களிடம் படம் காட்டச் சொன்னால், பைசா கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிக்கிற படம் கட்டாயம் இருக்கும். ரோம், வெனிஸ், ஃபிளாரன்ஸ் என்று ஒரு வாரத்தில் ஓடி முடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஃபிளாரன்ஸுக்குத் தெற்கே, திராட்சைக்கும் கோதுமைக்கும் நடுவே, பழைய பண்ணை வீடுகளைப் பழுதுபார்த்து விருந்தினரைத் தங்கவைக்கிறார்கள். அங்கே ஏன் போகவில்லை என்று கேட்டால், "பண்ணையில போய் என்னத்தப் பார்க்கிறது?" என்கிறார்கள். பார்க்கத் தெரிந்தால் ஒரு தேவாலயத்துக்கு ஈடாகப் பார்க்கலாம். எதைப் பார்ப்பது என்று இதுவரை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிளாரன்ஸைச் சுற்றியுள்ள டஸ்கனியில் பல நூற்றாண்டுகளாக நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. விளைச்சலில் ஆளுக்குப் பாதி. நம்மூர் வாரம்தான், அங்கே அதை மெட்ஸாட்ரியா என்பார்கள். அந்தக் குடியானவக் குடும்பத்துக்கு நிலச் சொந்தக்காரர் கட்டிக்கொடுத்த வீட்டில் கீழே மாட்டுத் தொழுவம், மேலே மனிதர்கள், ஏறிப்போக வெளிப்பக்கம் படிக்கட்டு. குளிர்காலத்தில் மாடுகளின் உடற்சூடு மேல்தளம் வரை ஏறும். இப்படிப்பட்ட வீட்டை எப்படிக் கட்ட வேண்டும் என்று ஃபெர்டினாண்டோ மொரோட்ஸி 1770-லேயே ஒரு நூல் எழுதினார். அப்போது டஸ்கனியை ஆண்ட பியெத்ரோ லியோபோல்டோவின் பெயரால், வால் தி கியானா பள்ளத்தாக்கில் புறாக்கூண்டு கோபுரம் வைத்த பண்ணை வீடுகளை இன்றும் 'லியோபோல்டினே' என்றுதான் சொல்கிறார்கள். 1950-களிலும் 60-களிலும் குடியானவர்கள் ஆலை வேலைக்காக நகரங்களுக்குப் போனார்கள். 1964-இல் புதிய மெட்ஸாட்ரியா ஒப்பந்தங்களுக்குச் சட்டம் தடை போட்டது. வீடுகள் காலியாகிக் கூரை சரிந்தன. 1985-இல் அக்ரிதுரிஸ்மோ, அதாவது பண்ணைச் சுற்றுலாச் சட்டம் வந்தது, 2006-இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. அதன் சாரம் இதுதான்: விவசாயம் முதன்மையாக நடக்க வேண்டும், விருந்தினர் வரவு அதற்குத் துணையாக இருக்க வேண்டும், பண்ணையில் ஏற்கெனவே நிற்கிற கட்டடத்தைப் பயன்படுத்த வேண்டும். இன்று இத்தாலியில் இப்படி 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் உள்ளன.

வரலாறு இவ்வளவு போதும். இனி சுவருக்கு வருவோம்.

வண்டியை விட்டு இறங்கியதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளிச்சுவரைப் பாருங்கள். வெறும் கல்லா, காரை பூசிய சுவரா? வெறும் கல்லைப் பார்த்ததும், "அடடா, எவ்வளவு பழமை!" என்று தோன்றும். சுற்றுலா இதழ்களின் அட்டையில் வருவதும் அந்தக் கல்தான். உண்மையில் அந்தச் சுவர்களில் பெரும்பாலானவை வெறும் கல்லாக இருக்கக் கட்டப்பட்டவை அல்ல. செதுக்காத கல்லைச் சுண்ணாம்புச் சாந்திலோ மண்ணிலோ அடுக்கி, மேலே சுண்ணாம்புக் காரை பூசியிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் வாங்கியவர்கள்தான் 'கிராமியத் தோற்றம்' வேண்டுமென்று காரையை உரித்தார்கள். அந்த வீட்டில் வாழ்ந்த குடியானவர் பார்த்திருந்தால் இதை அலங்காரம் என்று சொல்லியிருக்க மாட்டார், காரை பெயர்ந்துபோன வீடு என்றுதான் சொல்லியிருப்பார்.

உரித்ததுதானா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சன்னலைச் சுற்றிய செதுக்கிய கற்சட்டத்தைப் பாருங்கள். வீட்டின் மூலைக்கற்களையும் பாருங்கள். அவை சுவரை விட விரற்கடை அளவு முன்னே துருத்திக்கொண்டிருந்தால், அந்த இடைவெளியில் ஒருகாலத்தில் காரை இருந்தது என்று பொருள். சட்டத்தின் விளிம்போடு சமமாக வந்து நிற்பதற்காகப் பூசிய காரை அது. இதை ஒருமுறை கவனித்துவிட்டால், டஸ்கனி முழுக்க எந்த வீட்டைப் பார்த்தாலும் கண் நேரே சன்னல் விளிம்புக்குத்தான் போகும்.

இங்கே அவசரப்பட்டு எல்லா வெறுங்கல்லையும் பழிக்கக் கூடாது. மூன்று வகை உண்டு. முதலாவது, முழுதாகக் காரை பூசிய வீடு. இரண்டாவது, சாந்தைக் கல்லின் முகம் வரை இழுத்து வழித்து, கல் ஆங்காங்கே மட்டும் தலைகாட்டும் பாதிப் பூச்சு. இத்தாலியக் கொத்தனார்கள் இதை 'ராசோ பியெத்ரா' என்பார்கள். இது பழைய முறை, நேர்மையான முறை; களஞ்சியங்களிலும் எளிய வீடுகளிலும் பார்க்கலாம். மூன்றாவது உரித்த கல். இதில் கற்களுக்கு நடுவே ஆழமாகத் தோண்டி, சிமெண்டால் கோடு கோடாக அடைத்திருப்பார்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் 'கல் வீடு' என்று ஒரே வாக்கியத்தில் புகழும் கட்டட விமர்சகர்களைப் படித்தால் கோபம் வருகிறது. பாதிப் பூச்சில் மழை வழுக்கிக்கொண்டு இறங்கும். உரித்த சுவரில் ஒவ்வொரு கல்லின் விளிம்பிலும் நீர் தங்கும். சிமெண்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் வழியாகவே வரப் பார்க்கும். கூடவே உப்பும் வரும். அந்த உப்பு கல்லின் முகத்தில் படிகமாக உறைந்து, பொரியப் பொரியக் கல் உதிரும்.

சுண்ணாம்புக் காரையில் நுண்துளைகள் இருக்கின்றன. சுவர் குடித்த ஈரத்தை அது வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824-இல். இந்த வீடுகளில் எத்தனையோ அதற்கு முந்தியவை. சிமெண்டைத் தாங்கும்படி அவற்றை யாரும் கட்டவில்லை. சுற்றுச்சூழல் கணக்கும் இதே பக்கம்தான் நிற்கிறது. சுண்ணாம்புக் காளவாய்க்கு ஏறத்தாழ 900 டிகிரி சூடு போதும், சிமெண்டுச் சூளைக்கு 1,450 டிகிரி வேண்டும். காளவாயில் வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் காரை இறுகும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்ளவும் செய்கிறது. 'பசுமை விடுதி' என்று வாசலில் பலகை மாட்டிவிட்டுச் சுவருக்குச் சிமெண்ட் பூசியிருந்தால், அந்தப் பலகைக்கு மதிப்பில்லை.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான சங்கதியே இல்லை. செட்டிநாட்டுச் சுவரில் கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளையும் சேர்த்து மெருகேற்றியது இதே சுண்ணாம்பைத்தான். செங்கல் பொடியைச் சுண்ணாம்போடு கலந்து நாம் சுர்க்கி என்கிறோம், அவர்கள் கொச்சோபெஸ்டோ என்கிறார்கள். ஆனால் உரிக்கிற மோகம் நம்மூருக்கும் வந்துவிட்டது. கொங்குப் பக்கம் தோட்டத்துச் சாளையை விருந்தினர் விடுதியாக்க ஆசைப்படுகிறவரிடம், "காரையை உரிச்சிடுங்க, லாரி பேக்கர் மாதிரி இருக்கும்" என்று யோசனை சொல்ல ஆள் இருக்கிறது. கட்டடக் கலைஞர் பேக்கர் செங்கல்லை வெளியே தெரிய வைத்தது, பூச்சே இல்லாமல் நிற்கும்படி அவரே வரிசை பார்த்துக் கட்டிய சுவர்களில். பழைய சுவரின் தோலை உரிப்பதை அவர் கணக்கில் எழுதாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூரையில் பழைய ஓடுகளைத் திரும்ப ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். நிறம் ஒரே சீராக இருந்தால் அது புது ஓடு. வைக்கோல் பரணின் சுவரில் காற்றுப் போக அடுக்கிய செங்கல் சல்லடை இருக்கும். அதை அப்படியே விட்டு உள்பக்கம் கண்ணாடி வைத்தவருக்குக் கைகொடுங்கள். இடித்து அகலச் சன்னல் போட்டவருக்கு அந்தச் சுவரின் அருமை தெரியவில்லை. சூரியத் தகடுகள் பெரிய வீட்டின் மேல் இல்லாமல் கொட்டகையின் மேல் இருந்தால் நல்லது. கழிவுநீரை நாணல் பாத்தியில் விட்டுச் சுத்தம் செய்கிறார்களா என்று கேளுங்கள், பெருமையோடு கூட்டிப்போய்க் காட்டுவார்கள். நீச்சல் குளத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. கோடையில் காயும் மலைச்சரிவில் அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை எந்தக் கையேட்டிலும் போட மாட்டார்கள். அறை பிடிக்கும்போது எல்லோரும் பள்ளத்தாக்கு தெரிகிற மாடி அறையைக் கேட்பார்கள். நீங்கள் பழைய தொழுவத்தைக் கேளுங்கள். பல வீடுகளில் அங்கே செங்கல் வளைவுக் கூரை இருக்கும், சுவரோரம் கல் தீவனத் தொட்டியைக்கூட விட்டுவைத்திருப்பார்கள், ஜூலை நடுப்பகலில் குளிர்சாதனம் இல்லாமலே தூங்கலாம். பழுதுபார்த்தவரின் தரம் தெரிவதும் இந்த அறையில்தான். தரைக்கடியில் காற்று ஓட இடம் விட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தால் அறை காய்ந்து கிடக்கும். கதவைத் திறந்ததும் ஈர வாடை அடித்து, புதுப் பூச்சு முழங்கால் உயரத்துக்குப் பொரிந்திருந்தால், வெளியே கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, ஓர் இரவுக்கு மேல் தங்காதீர்கள். அடுத்த பண்ணை இரண்டு கிலோமீட்டரில் இருக்கும். அங்கே போய் முதலில் சன்னல் விளிம்பைப் பாருங்கள்.