கிறீன் மருத்துவ நூல்களின் சொல்லாட்சி

மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனின் சார்பாகப் பணிபுரிந்தவர். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கியவர். அந்நூல்களை வடசொற் கலப்பு மிக்கவை என்று ஒதுக்கிவிடல் எளிது. அங்ஙனம் ஒதுக்குதல் முறையாகுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஒரு நூலின் நடையை மதிப்பிடுமுன் அது யாருக்காக எழுந்தது என்று காணல் வேண்டும். கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தபோது, நோயுற்ற ஏழை மக்கள் நாடியது பரம்பரை வைத்தியரையும் மந்திரிப்போரையுமே. அம்மையைத் தெய்வத்தின் வருகை என்றும், சித்தக் கலக்கத்தைப் பேய்க்கோளாறு என்றும் அவர்கள் கருதினர். செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய மருத்துவ நூல்கள் வழங்கிய நாடு அது. ஆங்கே மருத்துவத்திற்கெனச் சொல்வளம் முன்னரே இருந்தது. கிறீன் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றவரோ அரசாங்க வேலையை நாடிச் சென்றனர். சிற்றூர்களில் தங்கினார் சிலரே. ஆதலின் 1860களில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். மருத்துவன் எங்கே வாழ்வான் என்பதை மொழி தீர்மானித்தது என்க.

இனி அவர்தம் நூற்பெயர்களை நோக்குவோம். 'இரண வைத்தியம்' (1867) என்பதில் இரண்டும் வடசொற்களே. ஆயினும் புண்ணை 'ரணம்' என்றும், மருத்துவத்தை 'வைத்தியம்' என்றும் கூறுவது சிற்றூர் வழக்கே. 'மனுஷ அங்காதிபாதம்' (1872) என்பதிலுள்ள 'மனுஷ' என்பதும் அத்தகையதே. 'மனுசன்' என்று சொல்லாத உழவன் யாருளன்? 'அங்காதிபாதம்' என்பதோ, கேசாதிபாதம் கேட்டுப் பழகிய செவிக்கு உறுப்புகளை முறையே எண்ணிச் செல்லும் நூல் இது எனத் தானே உணர்த்தும். வேதியியலுக்கு 'இரசவாதம்' என்னும் பழஞ்சொல் அண்மையில் இருந்தும், 'கெமிஸ்தம்' (1875) என்று புதுச்சொல் படைத்தார். பொன்னாக்கும் கலையென்னும் மயக்கம் இதனால் நீங்கிற்று. பழஞ்சொல் துணைசெய்யும் இடமும் தடைசெய்யும் இடமும் அவர் அறிந்திருந்தார் என இவற்றாற் கொள்ளலாம்.

எனினும் குறை இல்லாமல் இல்லை. உடலின் தொழிற்பாட்டை உணர்த்த அவர் ஆண்ட 'சுகரணம்' (1883) ஊரார் நாவிலும் வழங்காது. புலவர்க்கும் எளிதிற் பொருள்படாது. இதனைக் குறையென்பது வடசொல் என்பதற்காக அன்று. கேட்போன் உள்ளத்தில் எதனையும் எழுப்பாமை பற்றியே. 'ரணம்' வென்ற இடத்திற் 'சுகரணம்' தோற்றது. தனித்தமிழ் அளவுகோல் இரண்டையும் ஒன்றாகவே தள்ளும். அவற்றிடை உள்ள வேறுபாட்டை அது காட்டாது.

கிறீன் சமயப் பணியாளர். அந்நோக்கத்தை அவர் மறைத்தவரல்லர். அந்நோக்கத்தை ஏற்போரும் மறுப்போரும் அவர் நடையை அதுகொண்டு அளத்தல் பிழையாம். பேயே காரணம் என்று நம்புவானிடம் நோயின் காரணத்தை விளக்க, அவனறிந்த சொல்லிலிருந்தே தொடங்கவேண்டும். இதனை அயல்நாட்டார் ஒருவர் உணர்ந்து 60க்கு மேற்பட்ட மருத்துவர்களைப் பயிற்றினார். அவருட் பலர் தமிழிலேயே கற்றனர். 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் மொழிபெயர்ப்பை அவர் விடவில்லை. தமிழகத்து மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் ஆங்கிலமே பயிற்றுமொழி. கலைச்சொல் ஆக்குவோர் தம் சொற்களைப் புலவர் அவையில் நிறுத்துமுன், நோயாளியின் படுக்கையருகே ஒருமுறை சொல்லிப் பார்ப்பாராக.