பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: மகாராஜா கோட்டையும் புனே சாம்பிளும்

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா வரிசையைப் பற்றி யாராவது கேட்டால் என்னிடம் இரண்டு பதில் உண்டு. "அந்த மாதிரி ஒரு கேம் இன்னும் வரலைங்க" என்பது ஒன்று. "ஆனா அதை அவங்களே கெடுத்துட்டாங்க" என்பது இன்னொன்று. இரண்டையும் ஏன் ஒரே மூச்சில் சொல்கிறேன் என்பதை எழுதிப் பார்க்கிறேன்.

முதல் ஆட்டம் 1989இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு அசைவாக வரைந்தார். அதனால்தான் அந்தச் சின்னப் பொம்மைக்கு உடம்பின் கனம் இருந்தது. ஓடுகிறவன் சட்டென்று நிற்க மாட்டான், ஓர் அடி சறுக்கித்தான் நிற்பான். 60 நிமிடக் கெடுவையும் முள்குழியையும் டாஸ் கணினியில் ஆடிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

2003இல் யுபிசாஃப்ட் மான்ட்ரியல் செய்த 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்'தான் இந்த வரிசையின் உச்சம். தாவல் தப்பினால் மந்திரக் குத்துவாளைக் கொண்டு சில நொடிகளைப் பின்னால் இழுக்கலாம், கையில் மணல் இருக்கும் வரை. இதை மற்ற கேம்களும் பிறகு செய்தன. ஆனால் இங்கே அது வெறும் வித்தை இல்லை. ஆட்டம் முழுவதும் இளவரசன் சொல்லும் கதை. நாம் செத்தால், 'இல்லை, அப்படி நடக்கவில்லை' என்கிற மாதிரி அவனே திருத்திக்கொள்வான். கடைசியில் காலம் தொடக்கத்துக்கே திரும்புகிறது. கூடவே போராடிய ஃபராவுக்கு எதுவும் நினைவில்லை, அவளிடம்தான் அவன் இத்தனை நேரம் கதை சொல்லிக்கொண்டிருந்தான். பட்டதெல்லாம் அவனுக்கு மட்டுமே ஞாபகம். கையால் ஆடுவதும் கதையும் இப்படி ஒன்றாகப் பின்னிய கேம்கள் குறைவு.

இதிலேயே ஒரு முள் இருக்கிறது. கதை தொடங்குவது இந்தியாவில், ஒரு மகாராஜாவின் கோட்டையைச் சூறையாடுவதில். எந்த ஊர், எந்த அரசு, எந்தக் காலம் எதுவும் கிடையாது. பாரசீகத்திலும் அரபியிலும் புழங்கும் பெயர் மகாராஜாவின் மகளுக்கு! இந்தியா என்றால் பொக்கிஷ அறை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொள்ளையை ஆட்டம் கொண்டாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொள்ளையடித்த குத்துவாளால் மணற்கடிகாரத்தைத் திறந்ததுதான் எல்லா நாசத்துக்கும் காரணம். இளவரசன் மீதிக் கதை முழுக்க அந்தக் குற்றத்தைத்தான் சுமக்கிறான்.

அடுத்த வருடமே 'வாரியர் வித்தின்' வந்தது. மெக்னர் இதில் இல்லை. மெட்டல் கிடார், ரத்தம், எந்நேரமும் கத்துகிற ஓர் இளவரசன். சண்டை முன்னைவிட நன்றாக இருந்தது, தஹாகா துரத்தும் இடங்களில் இப்போதும் கை வியர்க்கும். ஆனால் முந்தைய ஆட்டத்தில் இருந்த நிதானமும் நகைச்சுவையும் போய்விட்டன. 2005இல் வந்த 'டூ த்ரோன்ஸ்' இளவரசனுக்குள் ஓர் இருண்ட இளவரசனையும் வைத்து இருவரையும் வாக்குவாதம் செய்ய விட்டது. நிறுவனமே தனக்குள் வாதாடுவது போலத்தான் எனக்குக் கேட்டது.

இனி புனே கதை. 2020 செப்டம்பரில் யுபிசாஃப்டின் புனே, மும்பை ஸ்டுடியோக்கள் 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' ஆட்டத்தை மறுபடி உருவாக்குவதாக அறிவிப்பு வந்தது. 2021 ஜனவரியில் வெளியீடு என்றார்கள். டிரெய்லரில் முகங்கள் பொம்மை மாதிரி இருந்தன, அதை மறுக்க முடியாது. தேதி மார்ச்சுக்குத் தள்ளிப்போனது, பிறகு தேதியே இல்லாமல் போனது. 2022 மே மாதம் வேலை மான்ட்ரியலுக்கு மாறியது.

கேலி முகத்தோடு நிற்கவில்லை. 'இந்தியாவில் செய்தால் இப்படித்தான்' என்ற பேச்சும் சேர்ந்தே வந்தது. பொங்கலூரில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது பனியன் தொழில் ஞாபகம் வராமல் இருக்காது. இங்கே லாட் ரிஜெக்ட் ஆனால் திட்டு வாங்குவது தைத்தவர். சாம்பிளைப் பார்த்து ஓகே சொன்னதும், டெலிவரி தேதியை வைத்ததும் வேறு ஆட்கள். அந்த டிரெய்லர் மேடையேறியது யுபிசாஃப்டின் சொந்த நிகழ்ச்சியில். அப்ரூவல் இல்லாமல் எந்தச் சாம்பிளும் மேடை ஏறாதுங்க. வேலை சரியில்லை என்று சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். பழியை மட்டும் ஊர்ப் பெயரில் எழுதாதீர்கள்.

பிரான்சின் மாண்ட்பெல்லியே ஸ்டுடியோ 2024 ஜனவரியில் 'லாஸ்ட் கிரவுன்' கொண்டுவந்தது. இந்த வரிசையில் முதல்முறையாகப் பாரசீக மொழியிலேயே குரல். காஃப் மலை, சிமுர்க் பறவை என்று அந்த மண்ணின் கதைகளை அக்கறையோடு எடுத்திருந்தார்கள். 35 வருடம் ஊரின் பெயரை மட்டும் வைத்திருந்த வரிசை அப்போதுதான் அந்த ஊருக்குள் போனது. விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனாலும் அதே வருடம் அந்தக் குழு கலைக்கப்பட்டு, ஆட்கள் வேறு வேலைகளுக்குப் பிரிக்கப்பட்டார்கள்.

ஆக, என் பாசம் ஆட்டத்தின் மேல், கோபம் அதைக் கையில் வைத்திருப்பவர்கள் மேல். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் 2003 ஆட்டத்தை ஆடுங்கள், பிறகு நேராக 'லாஸ்ட் கிரவுன்' போங்கள். அதைப் பாரசீகக் குரலிலேயே வைத்து ஆடுங்கள்.