சினத்தின் திராட்சைகள்: குறியீடும் யதார்த்தமும்

ஜோன் ஸ்ரைன்பெக் 1939இல் வெளியிட்ட, 'சினத்தின் திராட்சைகள்' எனத் தமிழிற் சுட்டத்தக்க நாவல், வறட்சியாலும் கடனாலும் ஓக்லஹோமா மண்ணை இழந்த ஜோட் குடும்பம் கலிபோர்னியாவை நாடிச் செல்லும் கதையாகும். இதில் விவிலியக் குறியீடுகள் மலிந்து கிடப்பதை யாவரும் அறிவர். இவற்றை வைத்து நாவலைச் சமய உருவகமாகக் கொள்வாரும், யதார்த்தத்தின்மீது வலிந்து ஒட்டிய அலங்காரம் எனக் குறை கூறுவாரும் உளர். இரு சாராரும் ஓர் உண்மையைக் கவனியாது விடுகின்றனர். ஸ்ரைன்பெக் இக்குறியீடுகளை எடுத்தாள்வது பெரும்பாலும் அவற்றைத் தலைகீழாக்கும் பொருட்டேயாம்.

திராட்சையையே நோக்குவோம். கானானின் வளத்துக்குச் சான்றாக ஒற்றர் கொணர்ந்த கனி அது. கலிபோர்னியாவில் அதனை முகத்திற் பிழிந்து மகிழலாமெனக் கனவு கண்ட பாட்டன், ஓக்லஹோமாவைக் கடக்குமுன்னரே இறந்துபடுகிறார். வாக்களிக்கப்பட்ட நிலத்திலோ, விலை வீழாதிருக்கத் தோடம்பழங்கள்மீது மண்ணெண்ணெய் தெளிக்கப்படுகிறது. உருளைக்கிழங்குகள் ஆற்றில் எறியப்படுகின்றன. பசித்தோர் பார்த்து நிற்கின்றனர். கானானின் கனி இங்கு வெளிப்படுத்தின விசேஷம் கூறும் கோபாக்கினையின் ஆலைக்குரிய கனியாகிவிடுகிறது.

மோசேயின் கதையும் இவ்வாறே மாற்றம் பெறுகிறது. நாணற்பெட்டி ஒரு குழந்தையின் உயிரைக் காத்தது. ரோஸ் ஒவ் ஷரனுக்கு இறந்து பிறந்த குழந்தையையோ ஜோன், அப்பிள் பெட்டியொன்றில் வைத்து வெள்ளத்தில் விடுகிறார். நீரில் மிதந்து செல்வது மீட்பன் அல்லன், சாட்சி. பழ வணிகத்தின் பெட்டியே பிணப்பெட்டியாவதில் குறியீடு யதார்த்தத்தினின்றே பிறக்கிறது.

இவ்வகையில் நோக்கும்போது முடிவு நமக்கு முழு நிறைவு தரவில்லை. போதகராயிருந்த ஜிம் கேசி வேலைநிறுத்தத்திற் கொல்லப்படுகிறார். அவர் பணியைத் தொடரப் புறப்படும் டொம், கதையை விட்டே மறைகிறான். பட்டினியால் மடியும் அந்நியனுக்கு ரோஸ் ஒவ் ஷரன் தாய்ப்பாலூட்டும் காட்சியுடன் நாவல் நிறைவுறுகிறது. குடும்ப எல்லையைத் தாண்டி விரியும் மனிதநேயம் அது என்பதில் ஐயமில்லை. ஆயினும், நிலத்தைப் பறித்தவர் யார், எவரை எதிர்ப்பது என நாவலின் தொடக்கத்தில் உழவன் எழுப்பிய வினாவுக்குக் கருணை விடையாகாது. அவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியதே இந்நாவலின் நிலைபேறான சாதனையாகும்.