அரித்தவளும் குடித்தவர்களும்

"சார் வந்ததும் ஆர்டர் எடுத்துக்கட்டுமா, மேடம்?" என்று கேட்டார் பரிமாற வந்த இளைஞர். சார் யாரும் வரப்போவதில்லை என்பதை அவருக்குப் புரியவைக்க இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. புதுச்சேரியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி உணவகம். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மூன்று பெண்கள் கிளம்பி வந்திருந்தோம். இயற்பியல் பேராசிரியை ஒருவர், மில் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் தோழி ஒருவர், நான். மூவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். வீட்டில் "பயிலரங்கு" என்று சொல்லிவிட்டு வந்தது ஒருவர்தான், அது நானில்லை.

சுவரில் ஒரு கரும்பலகை. அங்கேயே காய்ச்சிய பீர் வகைகள் சாக்கட்டியால் எழுதப்பட்டிருந்தன: கோதுமையில் ஒன்று, கறுத்த மால்ட்டில் ஒன்று, ஏதோ பழவாசனையோடு ஒன்று. கூடவே வஞ்சிரம் வறுவல், நண்டு மசாலா, சுறாப்புட்டு. கணக்குத் தோழி என் காதருகே வந்து, "ஏனுங்க்கா, ஊருக்குத் தெரிஞ்சா என்னாகும்?" என்றாள். கேட்டுக்கொண்டே கோதுமை பீரைக் காட்டி, "இது ஒண்ணு" என்று இளைஞரிடம் சொன்னாள். பீர் வந்தது. அதை யார் முன் வைப்பது என்று தெரியாமல் அவர் கொஞ்ச நேரம் நின்றார்.

அந்தப் பயணத்துக்கு நான் எடுத்துப்போன புத்தகம் சிறுபாணாற்றுப்படை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இந்தக் கடற்கரைக்கு அதைவிடப் பழைய உணவு வழிகாட்டி கிடையாது. பரிசு பெற்று வந்த பாணன், பசியோடு வரும் பாணனிடம், எந்த ஊரில் எந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறான். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். போய்ச் சேரும் இடம் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் வாசல். வழியில் வரும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர்கள் பலரும் கொள்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கம் போனால் வரும் அதே மரக்காணம்தான்.

இருபது ஆண்டுகளாக இந்த நூலை வகுப்பில் நடத்துகிறேன். "ஐவகை நிலமும் உணவும்" என்று ஒரு பெரு வினா உண்டு. மாணவிகள் அட்டவணை போட்டு எழுதுவார்கள்: நெய்தலில் சுட்ட மீனும் தேறலும், முல்லையில் புளிச்சோறும் ஆமான் சூடும், மருதத்தில் வெண்சோறும் நண்டுக் கலவையும். முழு மதிப்பெண் கிடைக்கும். அந்த அட்டவணையில் ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது என்பது, அந்தக் கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டை மறுபடி படித்தபோதுதான் எனக்கே உறைத்தது. சமைத்தவர் யார் என்ற கட்டம் அது.

எயிற்பட்டினத்துக் காட்சியைப் பாருங்கள். அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், உறங்கும் ஒட்டகங்கள் போலக் கரையில் கிடக்கின்றன. தமிழ்க் கடற்கரையில் ஒட்டகம் எப்படி வந்தது என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். பேசியும் இருக்கிறேன். அந்தக் கட்டையை விறகாக்கித் தீ மூட்டுகிறாள் ஒரு நுளைமகள், அதாவது மீனவப் பெண். தீ சிவப்பு, புகை கறுப்பு. அவள் தேறலை அரிக்கிறாள், வடிக்கிறாள். கவிஞர் அவளுடைய பெரிய தோளைச் சொல்கிறார், வேல் போன்ற பார்வையைச் சொல்கிறார், நிலவே ஏங்கும் மாசற்ற முகத்தையும் சொல்கிறார். கரும்புகைக்கு நடுவே நின்று வேலை செய்யும் பெண்ணின் முகத்தில் மாசே இல்லை! விறகடுப்பில் ஊதுகுழலோடு கிடந்த என் அம்மாவின் முகத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த ஒரு அடையை என்னால் நம்பவே முடிந்ததில்லை. தோளை நம்புகிறேன். அந்த வேலைக்குத் தோள் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். நுளைமகள் 'அரித்த' தேறல் என்பது பாட்டின் தொடர். 'அரித்த' பெயரெச்சம். அவள் செய்த வேலை, தேறல் என்ற பெயருக்கு அடையாகப் போய் ஒட்டிக்கொண்டது. அந்தத் தேறலை எடுத்து விருந்தினருக்குக் குடிக்கக் கொடுப்பவர்கள் பரதவர், ஆண்கள். பெறுபவன் பாணன், முற்றுவினை அவனுக்கு: 'பெறுகுவிர்'. தீ மூட்டியவள், புகை குடித்தவள், வடித்தவள் எச்சத்தில் நிற்கிறாள். கொடுத்த பெருமை இன்னொருவருக்கு, குடித்த மகிழ்ச்சி வேறொருவருக்கு.

தற்செயலாக இருக்கலாம் என்று அடுத்த நிலத்துக்குப் போனேன். வேலூரில் எயிற்றியர் 'அட்ட' புளிச்சோறு. மறுபடி பெயரெச்சம். எயிற்பட்டினத்துக் காட்சிக்குச் சற்று முன்னால், பாணன் வீட்டுப் பழைய வறுமையைச் சொல்லும் இடத்தில், பசியால் இடை ஒடுங்கிய பெண் நகத்தால் 'குறைத்த' குப்பைக் கீரை. அதுவும் பெயரெச்சம்தான். அந்தக் கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கம் பார்த்துவிடுமே என்று நாணிக் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறார்கள். வறுமையைப் பற்றித் தமிழில் இதைவிடக் கூரிய காட்சி எனக்குத் தெரியாது. அங்கேயும் பெண்ணின் கை, கீரைக்கு அடைமொழி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் கவிஞருக்கு அநீதி செய்தவளாவேன். வேலூர்ச் சாப்பாட்டில் பாணன் தனியாக உண்பதில்லை. வளையணிந்த பெண்களின் கூட்டத்தோடு சேர்ந்து பெறுவீர்கள் என்று பாட்டு தெளிவாகவே சொல்கிறது. எயிற்பட்டினத்திலும் குழலின் தாளத்துக்கு ஆடியவர்களோடு சேர்ந்துதான் மீன் கிடைக்கிறது. விறலி உண்கிறாள், பயணம் போகிறாள், நடந்து நடந்து இளைத்த நாயின் நாக்குப்போலக் காலடி தேய்ந்திருக்கிறாள், அந்தக் காலை இளையவர்கள் மெல்ல வருடிவிடுகிறார்கள். ஊர் சுற்றிச் சாப்பிடும் பெண் தமிழுக்குப் புதியவளல்ல. ஆனால் அவளிடம் யாரும் வழி சொல்வதில்லை. வழி சொல்லப்படுவது பாணனுக்கு. "சார் வந்ததும்" என்று அந்த இளைஞர் கேட்டதும் அதே இலக்கணத்தில்தான்.

பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் வியப்பான ஒன்று இருக்கிறது. வலைஞர் குடியிருப்பில் நறும்பிழி செய்யும் முறையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் படிப்படியாகச் சொல்கிறார். தீட்டாத அரிசியைக் களியாகக் காய்ச்ச வேண்டும். அகன்ற வாயுடைய பாத்திரத்தில் அதை ஆறவைக்க வேண்டும். புற்றின் உள்ளே இருக்கும் குரும்பி போன்ற 'நல்லடை'யைக் கலக்க வேண்டும். நல்லடை என்பதை முளைகட்டிய தானியமாக உரை விளக்குகிறது. பிறகு சாடியில் இரண்டு பகல், இரண்டு இரவு. முற்றியதும் கையால் அலைத்துப் பிழிய வேண்டும். முளைத்த தானியத்தின் நொதி மாவைச் சர்க்கரையாக்குகிறது, சர்க்கரை புளித்து மதுவாகிறது. அந்தக் கரும்பலகையில் மால்ட் என்று எழுதியிருந்ததும் முளைகட்டிய தானியத்தைத்தான். இயற்பியல்காரர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப இவுங்க புதுசா ஒண்ணும் பண்ணிறலை" என்றார்.

அதே நூலில், துறைமுகப் பட்டினத்தில், கள் சமைக்கும் மகளிர் வருகிறார்கள். வட்டில்களைக் கழுவி அவர்கள் ஊற்றிய நீர் தெருவில் வழிந்து சேறாக, பன்றிகள் அதில் புரள்கின்றன. அழகே இல்லாத வரிகள். எனக்கு மிகவும் பிடித்தவையும் அவைதான். இங்கே தோள் இல்லை, நிலவு இல்லை. பாத்திரம் கழுவும் தண்ணீர்தான் இருக்கிறது. உழைப்பை உழைப்பாகவே பார்த்த கண் அது.

இது தமிழ்ப் பெண்களின் கதை மட்டுமல்ல. ஜூடித் பென்னட் 1996-இல் வெளியிட்ட ஆய்வு நூல், 1300-க்கும் 1600-க்கும் இடைப்பட்ட இங்கிலாந்தில், வீட்டு முற்றத்தில் பெண்கள் காய்ச்சி விற்ற ஏல், ஹாப்ஸ் சேர்த்த பீராக மாறிய கதையைச் சொல்கிறது. பீர் கெடாமல் நின்றது, தூரம் போனது, முதலீடு கேட்டது. முதலீடு ஆண்களிடம் இருந்தது. பெண்கள் மெல்ல வெளியேறினார்கள். இன்று கைவினை பீர் என்று கொண்டாடப்படும் தொழிலிலும், பெண்கள் புதிதாக நுழைபவர்கள் போலத்தான் பார்க்கப்படுகிறார்கள்.

சரி, வடித்தவள் குடித்தாளா? பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் இரவில் பட்டை நீக்கித் துகில் உடுத்துகிறார்கள், மட்டை விட்டு மதுவை அருந்தி மகிழ்கிறார்கள். ஒளவையாரோ இன்னும் வெளிப்படை. அதியமான் இறந்தபோது பாடிய புறநானூற்றுக் கையறுநிலைப் பாட்டு, அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதத்தை நினைத்துத்தான் தொடங்குகிறது. கொஞ்சமாக இருந்தால் எல்லாம் அவளுக்கு. நிறைய இருந்தால் அவள் பாட, அவனும் மகிழ்ந்து உண்பான். ஓர் ஆணும் பெண்ணும் நண்பர்களாக எதிரெதிரே உட்கார்ந்து குடித்ததன் பதிவு இது. இந்த ஒளவையை நம்முடைய பொது நினைவு என்ன செய்தது? ஒளவை என்ற பெயரில் பலர் இருந்தார்கள் என்பது இலக்கிய வரலாறு. ஆனால் 1953-இல் ஜெமினியின் 'ஒளவையார்' வந்தபிறகு ஒரே ஒரு ஒளவைதான் மிஞ்சினாள்: நம் கொடுமுடிக்காரர் கே.பி. சுந்தராம்பாளின் குரலும் திருநீறும் கோலும். அந்தக் குரலுக்கு நான் அடிமை, அது வேறு. அந்த வேடத்துக்குள் அதியமானின் தோழி அடங்கமாட்டாள். இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய 'ஒளவை' நாடகம் அவளைத் திரும்ப அழைத்துவர வேண்டியிருந்தது.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டியபோது கணக்குத் தோழி சிரிக்கவில்லை. அவளுடைய அப்பா குடித்தே செத்தவர். "நீங்க ஒளவையாரைச் சொல்றீங்க. எங்கம்மா தாலிக்கொடிய மூணு தடவை அடகுல இருந்து மீட்டுச்சு" என்றாள். அவள் அன்று வாங்கிய கோதுமை பீரில் அரைக் குவளைதான் குடித்தாள். மீதியை நான் குடித்தேன். எனக்கு அது கொஞ்சம் கசந்தது.

அவள் சொன்னதைக் கொங்கு நாட்டில் பிறந்த ஒருத்தி தட்டிக்கழிக்க முடியாது. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குத் தெருவில் இறங்கியவர்கள் நாகம்மையும் கண்ணம்மாளும். 1937-இல் மதுவிலக்கு முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில், டாஸ்மாக் கடைக்கு எதிராகச் சாலையில் உட்கார்ந்த பெண்ணைக் காவல் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததை நாம் எல்லோரும் காணொளியில் பார்த்தோம். மதுவைப் பற்றிப் பெண் பேசிய குரல், நம் பொதுவெளியில் பெரும்பாலும் அடிவாங்கியவளின் குரல்தான். அதனாலேயே குடிக்கும் பெண் என்றால் காட்டிக்கொடுத்தவள் என்ற சந்தேகம் பெண்களுக்குள்ளேயே வருகிறது. எனக்கும் வந்தது, குவளையைக் கையில் வைத்திருந்தபோதே.

ஆனால் வாதத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மறியல் செய்தவர்கள் எதிர்த்தது ஒரு விற்பனை முறையை. கூலி முழுதும் வீட்டுக்கு வராமல் போகும் வழியை. 1987 முதல் இங்கே கள்ளுக்குத் தடை. 2003 முதல் ஆலை மதுவை அரசே சில்லறைக்கு விற்கிறது. எங்கள் பக்கத்தில் தெளுவு இறக்குகிறவரும் அது புளித்துவிடுமோ என்று பயப்படுகிறார். வீட்டு முற்றத்துச் சாடி குற்றமாகி, ஆலைப் புட்டி வருவாயாகியிருக்கிறது. பென்னட் எழுதிய கதையின் கடைசி அத்தியாயம்போல இருக்கிறது இது. இதைப் 'பெண்களின் நன்மைக்காக' என்று சொல்லும்போது, நன்மை யாருக்குப் போனது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பெண் குடிப்பதே விடுதலை என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்த மாடி உணவகத்தில் ஒரு குவளையின் விலை, மில்லில் ஒரு பெண்ணின் அரைநாள் கூலியையாவது தின்றுவிடும்.

திரும்பும் வழியில் மரக்காணத்தில் இறங்கினோம். உப்பளங்களில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அருகில்தான் எக்கியார்குப்பம். 2023 மே மாதம் அந்த மீனவக் கிராமத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். அங்கே இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். நத்தத்தனார் வீடுதோறும் விருந்து கிடைக்கும் என்று சொன்ன அதே கடற்கரை. சாலையோரம் கருவாடு விற்ற அம்மாவிடம் அரைக்கிலோ நெத்திலி வாங்கினோம். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். கோயம்புத்தூர் என்றதும், "அம்மாந்தொலவு பொம்பளைங்களாவே வந்தீங்களா? நல்லா சாப்ட்டீங்களா?" என்றார். எங்களிடம் அந்தப் பயணத்தில் இதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை வகுப்பில் அட்டவணையில் நான்காவது கட்டம் போட்டோம். 'அரித்த', 'அட்ட', 'குறைத்த' என்று மாணவிகள் எழுதினார்கள். பின்வரிசையில் ஒருத்தி, அதிகம் பேசாதவள், எழுந்து கேட்டாள்: "மேடம், அது பழைய தேறல்னு போட்டிருக்குங்களே. பதம் வந்துருச்சான்னு அந்தப் பொண்ணு வாயில வச்சுப் பாக்காம எப்படிங் மேடம் எறக்கியிருக்கும்?"