விற்பனைத் தாளில் பறக்கும் ஏவுகணைகள்

வகுப்பு முடிந்ததும் மாணவர் ஒருவர் ஒரு செய்தித்தாள் நறுக்கைக் கொண்டுவந்து நீட்டினார். போர் விமானங்கள் வானில் ஒன்றையொன்று தாக்கப் பயன்படுத்தும் ஏவுகணைகளின் அட்டவணை அது. ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஓர் எண்: தாக்குதொலைவு இத்தனை கிலோமீட்டர். "இதில் எது சார் நல்லது?" என்றார். "இந்த அட்டவணையை வைத்துச் சொல்ல முடியாது" என்றேன். நான் நழுவுவதாக அவர் நினைத்திருக்கக்கூடும். இத்தகைய அட்டவணைகள் அறிவியல் பகுதிகளிலும் இடம்பெறுவதால், அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தொலைவு. அது ஏவுகணைக்கே உரிய மாறா அளவு அன்று. ஏனெனில் இலக்கும் நகர்கிறது. நொடிக்குச் சராசரி 900 மீட்டர் வேகத்தில் 60 நொடிகள் பறக்கும் ஏவுகணை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அது கடக்கும் தூரம் 54 கி.மீ. எதிரி விமானம் நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்தால், அந்த 60 நொடிகளில் அதுவே 18 கி.மீ. நெருங்கிவிடும். ஆகவே அது 72 கி.மீ. தொலைவில் இருக்கும்போதே ஏவிவிடலாம். அதே விமானம் முதுகைக் காட்டி ஓடினாலோ, 36 கி.மீ.க்குள் இருந்தால்தான் எட்டிப் பிடிக்க முடியும். ஏவுகணை ஒன்றே, எரிபொருளும் ஒன்றே. தொலைவு மட்டும் பாதியாகிவிட்டது. விற்பவர் எந்த எண்ணை அச்சிடுவார் என்று சொல்லவும் வேண்டுமா?

உயரமும் இதில் சேர்கிறது. இவ்வகை ஏவுகணைகள் பலவற்றில் ராக்கெட் எரிவது சில நொடிகள்தான். பிறகு, பெற்ற வேகத்தைச் செலவழித்துக்கொண்டே அது செல்கிறது. 12 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய கால் பங்கே. கீழே, அடர்ந்த காற்றில், வேகம் மளமளவென்று கரைந்துவிடும். போதாததற்கு, இலக்கு வளைந்து திரும்பினால் ஏவுகணையும் திரும்ப வேண்டும். நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் செல்லும் விமானம், புவியீர்ப்பைப்போல் 7 மடங்கு முடுக்கத்துடன் திரும்பினால் அதன் வட்டத்தின் ஆரம் சுமார் 900 மீட்டர். 900 மீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணை 30 மடங்கு முடுக்கத்தைத் தாங்கினாலும் அதன் ஆரம் சுமார் 2,700 மீட்டர்! வேகம் குறைந்தால் ஆரம் சுருங்குமே என்று சிலர் கேட்கலாம். ஆனால் வேகம் குறைந்த ஏவுகணையின் இறக்கைகளால் அந்த 30 மடங்கைத் தர இயலாது. பயணத்தின் கடைசிக் கட்டத்தில் ஏவுகணை சோர்ந்துபோவதன் காரணம் இதுதான். ஐரோப்பிய நாடுகளின் மீட்டியர் ஏவுகணை, வெளிக்காற்றை உள்ளிழுத்து நெடுநேரம் எரியும் எஞ்சினைச் சுமந்து செல்வதும் இதற்காகவே.

இன்னும் அதிகமாக ஏமாற்றும் எண் ஒன்றுண்டு: "நூற்றுக்கு இத்தனை தவறாமல் அடிக்கும்" என்பது. வியட்நாம் போரில் அமெரிக்கா பெற்ற பாடம் இதைக் காட்டும். ராடார் வழிகாட்டும் ஸ்பாரோ ஏவுகணை, உயரே நேராகப் பறந்து வரும் குண்டுவீச்சு விமானங்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. வியட்நாமில் எதிர்ப்பட்டவையோ தாழப் பறந்து சட்டெனத் திரும்பும் மிக் விமானங்கள். எதிரிதானா என்று கண்ணால் பார்த்த பிறகே சுடவேண்டும் என்ற விதி பெரும்பாலும் இருந்ததால், நெடுந்தொலைவு என்ற மேன்மையும் பயனற்றுப் போயிற்று. ஏவுகணையே போதும் என்ற நம்பிக்கையில் தொடக்ககால பான்டம் விமானங்களில் பீரங்கியே வைக்கவில்லை. அந்த நம்பிக்கையின் விலையை விமானிகள் கொடுத்தார்கள்.

1968-இல் அமெரிக்கக் கடற்படை இதை ஆராயும் பொறுப்பை கேப்டன் ஃபிராங்க் ஆல்ட் என்பவரிடம் ஒப்படைத்தது. 1965 ஜூன் முதல் 1968 செப்டம்பர் வரை சுமார் 360 மோதல்களில் ஏறத்தாழ 600 ஏவுகணைகள் ஏவப்பட்டன. பத்து முயற்சிக்கு ஒரு விமானம் வீழ்ந்தது என்ற அளவில்தான் பலன். அவரது அறிக்கையில் நான் பாராட்டுவது, பழியை ஏவுகணைமீது மட்டும் போடாமல் தொழிற்சாலை, கிடங்கு, விமானத்தில் பொருத்துவோர், விமானியின் பயிற்சி என்று சங்கிலி முழுவதையும் அது தொட்டுப் பார்த்ததைத்தான். நிகழ்தகவு கற்ற மாணவருக்கு இது எளிதில் விளங்கும். ராடார் பிடிப்பது, ராக்கெட் பற்றுவது, வழிகாட்டுவது, வெடிதூண்டி இயங்குவது, வெடிப்பில் சேதம் விளைவது ஆகிய ஐந்தும் தனித்தனியே நூற்றுக்கு 90 முறை சரியாக நடந்தால், ஐந்தும் சேர்ந்து நடப்பது 59 முறைதான். ஒவ்வொன்றும் 80 ஆனால் 33-க்கு இறங்கிவிடும்.

"போரில் நிரூபிக்கப்பட்டது" என்ற முத்திரையையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். 1982-இல் பாக்லாந்துப் போரில் பிரிட்டிஷ் ஹாரியர்கள் ஏவிய 9எல் வகை சைட்வைண்டர்களில் பெரும்பாலானவை இலக்கைத் தாக்கின. எத்திசையிலிருந்தும் தாக்கவல்லது என்பது இதன் பெருமை. ஆனால் அங்கே பெரும்பாலும் பின்புறத்திலிருந்தே ஏவினார்கள். எதிரே வந்த அர்ஜென்டின விமானங்களுக்கோ நின்று சண்டையிட எரிபொருள் போதாது. இதற்கு மாறாக, 2017 ஜூன் 18 அன்று சிரியாவில் அமெரிக்கக் கடற்படை விமானம், அதே குடும்பத்தின் புதிய 9எக்ஸ் வகையைப் பழைய சுகோய்-22 மீது ஏவியபோது குறி தவறியது. அடுத்து ஏவிய ஆம்ராம் என்ற ராடார் ஏவுகணைதான் அதை வீழ்த்தியது. ஒரு நிகழ்ச்சியை வைத்து 9எக்ஸ் மட்டம் என்பதும் தவறு. பாக்லாந்தை வைத்து 9எல் அற்புதம் என்பதும் அதே தவறு.

இனி விற்பனை. 1958-இல் தைவான் விமானங்கள் அமெரிக்கா கொடுத்த சைட்வைண்டர்களைச் சீன மிக்-17கள் மீது ஏவின. அவற்றுள் ஒன்று வெடிக்காமல் ஒரு மிக்கின் உடலில் சிக்கிக்கொண்டது. அது சோவியத் நாட்டைச் சென்றடைந்து, அதைப் பார்த்துச் செய்த கே-13 பிறந்தது. வியட்நாமில் மிக்-21கள் அமெரிக்கர்களை நோக்கி ஏவியது அதைத்தான். நம் இந்திய மிக்-21களும் அதைச் சுமந்தன. இவ்விதம் சூடுபட்ட பூனையாகிவிட்ட விற்பனையாளர், பின்னாளில் எப்படி நடந்துகொண்டார் பாருங்கள். 2000-இல் தைவானுக்கு ஆம்ராம் விற்க அமெரிக்கா இசைந்தது. ஆனால் சீனா அதற்கு நிகரான ஏவுகணையைப் பெறும்வரை, வாங்கிய சரக்கு அமெரிக்கக் கிடங்கிலேயே இருக்கவேண்டும் என்பது நிபந்தனை! பசிபிக் பெருங்கடலுக்கு அப்பால் பூட்டிக் கிடக்கும் ஏவுகணையின் தாக்குதொலைவை எந்த அட்டவணையில் போடுவது? ஈரான் நிலை வேறு. அது பீனிக்ஸ் ஏவுகணைகளோடு எஃப்-14 விமானங்கள் 79-ஐப் பெற்றது. 1979 புரட்சிக்குப் பின் அமெரிக்காவிலிருந்து முறையாக உதிரிப்பாகம் வருவது நின்றுபோயிற்று.

என் மாணவர் காட்டிய அட்டவணையில், சீனா பாகிஸ்தானுக்கு விற்ற பிஎல்-15ஈ என்ற ஏவுகணைக்கு எதிரே 145 கி.மீ. என்றிருந்தது. 2021-இல் ஜூஹாய் விமானக் கண்காட்சியில் விற்பவர்களே காட்டிய எண் அது. கடைசியிலுள்ள 'ஈ' என்ற எழுத்து, அயல்நாட்டு விற்பனைக்கென்று செய்த வகை என்பதைக் குறிக்கும். சீன விமானப்படை தனக்கென வைத்துக்கொள்ளும் வகை வேறு. அட்டவணை இரண்டையும் ஒன்றாகவே பாவித்திருந்தது. எந்த உயரத்தில், எதிரே வரும் இலக்கா, ஓடும் இலக்கா என்பதற்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. அந்த நறுக்கின் ஓரத்தில் பென்சிலால் மூன்று கட்டங்கள் வரைந்து திருப்பிக் கொடுத்தேன். "இதை யார் சார் நிரப்புவாங்க?" என்று கேட்டுவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.