முதியவர் ரத்தத்தில் சி.ஆர்.பி.: அளவுகோல் யாருடையது?

முழு உடல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்களின் ரிப்போர்ட்டில் இப்போது சர்க்கரை, கொழுப்புக்குக் கீழே ‘ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி.’ என்றொரு வரியும் வருவதுண்டு. எண் 3-ஐத் தாண்டிவிட்டால் தடித்த எழுத்தில் அச்சாகும். பார்த்தவருக்கு அன்று தூக்கம் போயிற்று.

உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் சுரந்து கொட்டும் புரதமே சி.ஆர்.பி. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் டில்லட், பிரான்சிஸ் இருவரும் கண்டுபிடித்தார்கள். முதுமைக்கும் இதற்கும் முடிச்சு விழுந்தது பிறகுதான். வயது ஏற ஏற உள்ளுக்குள் மெல்லிய அழற்சி கனன்றுகொண்டே இருக்கிறது, மூப்பின் நோய்கள் பலவற்றுக்கும் அதுவே வேர் என்றார் இத்தாலியரான கிளாடியோ பிரான்செஸ்கி, ஆண்டு 2000.

சோதனையின் பலத்தைக் குறைத்துப் பேச முடியாது. விரல் நுனியில் எடுத்த சொட்டு ரத்தம் காகிதத்தில் உலர்ந்த பிறகும் இதை அளக்கலாம். 45 வயதை எட்டியவர்களும் அவர்களின் வாழ்க்கைத் துணைவர்களுமாக 72,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்த இந்திய முதுமை ஆய்வான ‘லாசி’ அப்படித்தான் ரத்தம் சேகரித்தது. சென்னையில் டாக்டர் வி.மோகன் குழுவினரின் ‘க்யூர்ஸ்’ ஆய்வும் சி.ஆர்.பி.க்கும் உடல் கொழுப்பு, நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றுக்கும் தொடர்பைக் காட்டியது.

சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. 1-க்குக் கீழே நல்லது, 3-க்கு மேலே ஆபத்து என்ற கோடுகள் 2003-இல் அமெரிக்காவில் போடப்பட்டவை. கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலில் கரும்பு வெட்டும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கரும்புச் சோகை கீறிய கால், சீழ் கோத்த ஈறு, போன வாரத்துக் காய்ச்சல், விறகடுப்புப் புகை. இவற்றில் ஒன்று போதும், எண் எகிறிவிடும். அதை முதுமையின் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

பொலிவியக் காடுகளின் சிமானே மக்கள் இதற்கு நல்ல சாட்சி. 2017-இல் வெளியான ஆய்வில் பாதிப்பேருக்கு சி.ஆர்.பி. கூடியிருந்தது, ஆனால் ஸ்கேன் எடுத்த 705 பேரில் 85 விழுக்காட்டினரின் இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவே இல்லை. கிருமிகளோடு அன்றாடம் மல்லுக்கட்டும் உடலில் அழற்சிக்கு அர்த்தமே வேறு. இத்தாலி, சிங்கப்பூர் முதியவர்களிடம் வயதோடு கூடிய அழற்சி, சிமானேயிடமும் மலேசியாவின் ஒராங் அஸ்லி மக்களிடமும் அதே வடிவில் இல்லை என்று 2025-இல் வந்த ஒப்பீடும் சொன்னது.

இன்னொன்று, சி.ஆர்.பி. அறிகுறியே தவிர காரணமல்ல. மரபணு ஆய்வுகள் இதைக் காட்டிவிட்டன. அழற்சியையே நேரடியாக அடக்கிய ‘கான்டோஸ்’ மருந்துச் சோதனையில் (2017) மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 15 விழுக்காடு குறைந்தன. உயிர்பறிக்கும் தொற்றுகளோ கூடின. தொற்று ஓயாத ஊர்களுக்கு அது சின்னக் கணக்கல்ல.

ஆயிரக்கணக்கானோரை ஒப்பிடும் ஆய்வாளருக்கு சி.ஆர்.பி. அருமையான கருவி. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை கொடுக்கலாமா என்று தயங்கும் மருத்துவருக்கும் ஓரளவு உதவும். தனி ஒருவரின் மூப்பை அளக்க உதவாது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீட்டு வாசலில் பார்க்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வடக்கனந்தல் முதியவருக்கு இதைவிடப் பயன் தருபவை. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தைக் கண்டவர்கள் ஈறையும் காலையும் மருத்துவரிடம் காட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதிக்கட்டும். 10-க்கு மேல் இருந்தால் முதலில் தேட வேண்டியது தொற்றை.