மாலை தொடுத்தவனும் ஓடம் செலுத்தியவளும்

ஒரு நாவலை நேசித்தோர், அது திரைப்படமாகும்பொழுது முதலில் கேட்பது, எவையெவை விடப்பட்டன என்பதே. ஐந்து பாகங்களாக விரிந்த கதையை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் காட்ட முனைவோர் பலவற்றை விட்டேயாக வேண்டும். ஆதலின், விடுபட்டவற்றை எண்ணிக் குறைகூறுவது திறனாய்வாகாது. அவை விடுபட்டதனால் எஞ்சியிருப்பதன் பொருள் எவ்வாறு மாறிற்று என்று ஆராய்வதே தகும். இந்நோக்குடன், கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நாவலையும், மணிரத்னம் இயக்கத்தில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்த திரைப்படத்தையும் ஒப்புநோக்குவோம்.

நாவலின் இறுதிப் பாகத்துக்குக் கல்கி இட்ட பெயர் ‘தியாகச் சிகரம்’. மக்கள் தனக்கே முடிசூட்ட விழைந்தபோது, அருள்மொழிவர்மன் அம்முடியை வேறொருவன் தலையில் சூட்டுகிறான். அவன் தஞ்சையில் தாயோடு எளிய குடிலில் வாழ்ந்து, மாலை தொடுத்து ஆலயத் தொண்டு புரிந்த சேந்தன் அமுதன். அவனே கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன் என்பது பின்னரே வெளிப்படுகிறது. அரசுரிமை கோரிச் சூழ்ச்சியில் கலந்துகொண்ட மதுராந்தகன் அவர்கள் வயிற்றில் பிறந்தவனல்லன். திரைப்படத்திலோ குழந்தைகள் மாறிய இக்கதையே இல்லை. சேந்தன் அமுதன் சிறு பாத்திரமாக வந்து மறைகிறான். முடி மதுராந்தகனுக்கே சூட்டப்படுகிறது.

இம்மாற்றம் வரலாற்றுக்கு அண்மையானது என்பதை மறுப்பதற்கில்லை. செம்பியன் மாதேவியின் மகனே உத்தம சோழனாக ஆண்டான். அச்சிற்றப்பன் அரசை விரும்பியவரையில் அருள்மொழி அதனை விரும்பவில்லை என்றே திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. மேலும், தனக்கெதிராகச் சூழ்ச்சி செய்தவனுக்கே முடியை விட்டுக்கொடுப்பதில் மன்னிப்பின் சாயல் உண்டு. எனினும் இரண்டும் ஒரே தியாகமல்ல. திரைப்படத்தில் முடி, அதனைக் கேட்டவனிடம் செல்கிறது. நாவலில் அது கேளாதவனைத் தேடிச் செல்கிறது.

கேளாதவனைக் காட்டுவது திரைக்கு அரிதாகவே இருக்கிறது. டோல்கீனின் ‘மோதிரங்களின் தலைவன்’ நாவலில் பராமிர் என்னும் வீரன், தன் கைக்கெட்டிய வல்லமை மிக்க மோதிரத்தை விரும்பாமலே விட்டுவிடுகிறான். பீட்டர் ஜாக்சன் 2002-இல் எடுத்த படத்தில் அவன் அதனைத் தன் தந்தைக்கு அனுப்பத் துணிந்து, பின்னரே மனம் மாறுகிறான். ஆசையும் போராட்டமும் முகத்தில் தெரியும். ஆசையின்மை எளிதில் தெரிவதில்லை. ஆதித்த கரிகாலனின் உள்வேதனை மணிரத்னத்தின் படத்தில் சிறப்புற்றதற்கும், சேந்தன் அமுதன் ஒடுங்கியதற்கும் காரணம் ஒன்றே எனலாம்.

இவ்விழப்பால் பூங்குழலியும் பாதிக்கப்படுகிறாள். கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகளாகிய அவள், வந்தியத்தேவனை ஈழத்துக்குச் சேர்த்தவள்; அருள்மொழியைக் கடலினின்று காத்தவள். திரைப்படமும் அவளை அழகுறக் காட்டுகிறது. ஆயின் நாவலில் அவள் பயணம் அங்கே முடிவதில்லை. சேந்தன் அமுதனை மணந்து, அவன் மன்னனானபொழுது அவளும் சோழ நாட்டின் அரசியாகிறாள். அவன் கதை நீக்கப்படவே, அவள் முடிவும் நீங்கிவிட்டது. அரச குலத்தாரைக் கரைசேர்ப்பதே அவள் பணி என்றாகிறது.

இது சிறிய இழப்பன்று. எண்ணூரில் ஊழியம் செய்வோர் இதனை எளிதில் உணர்வர். திரைப்படத்தின் இரண்டாம் பகுதி வெளியான அதே 2023-ஆம் ஆண்டு டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் பரவி, படகுகளையும் வலைகளையும் கறைப்படுத்தியது. அப்பொழுது செய்திப் படங்களில் இம்மீனவ மக்களின் முகங்கள் தோன்றின. துன்புறுவோராகவோ, பிறர் கதையில் துடுப்பிடுவோராகவோ மட்டுமே அவர்கள் காட்டப்படுகிறார்கள். ஓடக்காரப் பெண் தன் வழியைத் தானே தெரிந்துகொண்டு, அரியணையிலும் அமரும் கதைகள் நம்மிடையே மிகச் சில. அவற்றுள் ஒன்று, இலட்சக்கணக்கானோர் கண்ட வடிவத்தில் பாதியில் நின்றுவிட்டது.

கதையை மறுபடி சொல்லும் பொறுப்பு இயக்குநர்க்கு மட்டும் உரியதன்று. நாகமானின் சுகத்தைப் பிரசங்கிக்கும் நாம், தீர்க்கதரிசியையும் படைத்தலைவனையும் விரிவாகப் பேசி, முதல் வார்த்தை சொன்ன சிறைப்பட்ட சிறுபெண்ணை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவதில்லையா? நேரம் குறுகும்போது யாரை விடுகிறோம் என்பதில் நமது மதிப்பீடு வெளிப்படுகிறது. ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படம் கண்ணுக்கு விருந்தாகவும் உழைப்பில் பெருமைக்குரியதாகவும் நிற்கிறது. ஆயினும் அதனைக் கண்டு மகிழ்ந்த இளைஞர் நாவலின் ஐந்தாம் பாகத்தையும் வாசிப்பாராக. முடியைத் துறந்தவனை அவர்கள் ஏற்கெனவே அறிவர். அதனைக் கேளாமலே பெற்ற இருவரை அங்கே சந்திப்பார்கள்.